எட்டாவது சுற்றுக் காய்ச்சல்

1

இந்தக் கதை ஒரு நீல வாளியிலிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளியலறையில் கிடக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் வாளிதான். அது இருந்த இடம்தான் சாதாரணமில்லை. ஒரு சதுரங்கச் சாம்பியன்ஷிப்பின் முதல் மேசைக்கு அடியில், ஆட்டக்காரர் ஒருவரின் காலருகே இருந்தது. அதே கூடத்தில் நாற்பத்தொன்றாவது மேசையில் நான் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தேன். தோற்கிறவனுக்குச் சுற்றுமுற்றும் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும்.

எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் திண்டாடினேன்.

"காலை எட்டேகால் மணிக்கு நடுவரின் மேசை முன் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் கண்களில்—" இதை அடித்துவிட்டேன். அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது தேநீர் வரிசையில் நின்றிருந்தேன்.

"நோயும் நீதியும் மனித குலத்தின் ஆதி—" இதையும் அடித்தேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடித்தது.

(எனக்குத் தொழிலே அடிப்பதுதான். மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சிடும் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். "தினம் ஒரு மாத்திரை" என்பது "தினம் ஒரு யாத்திரை" ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.)

கடைசியில், நடுவரையே பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். இது அவருடைய கதை. பிற்பாடு மூன்று மாலைகள் அவரோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதை அவர் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். இடையில் என் தலை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நடுவருக்கு ஐம்பது வயது. வார நாட்களில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் ஊசி குத்தினால் எறும்பு கடித்ததுபோலக்கூட இருக்காது என்று பெயர். விடுமுறை நாட்களில் சதுரங்கப் போட்டிகளுக்கு நடுவராகப் போவார். இரண்டிலும் பேச்சுக்கு வேலை இல்லை, அதனால்தான் இரண்டும் பிடிக்கும் என்பார்.

அன்று எட்டாவது சுற்று. மொத்தம் ஒன்பது. ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஏழு ஆட்டத்தில் ஆறரைப் புள்ளியோடு முதலிடத்தில் இருந்தார். நாற்பத்துநாலு வயதுக்காரர், இருபது வருடமாக ஆடுகிறார், பட்டம் ஒருமுறைகூடக் கைக்கு வந்ததில்லை. அவருக்கு அரைப் புள்ளி பின்னால் ஒரு கணக்கு டீச்சர். எட்டாவது சுற்றில் இந்த இருவரும்தான் மோத வேண்டும்.

எட்டேகாலுக்கு வந்து நின்றது மெக்கானிக்கின் அக்கா. ஓட்டல் சலவைப் பகுதியில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர்.

"மேடம், என் தம்பிக்குக் காய்ச்சல். நூத்தி மூணு. விடியறதுக்குள்ள ஏழு தடவ வாந்தி. இன்னிக்கு ஆடலன்னு எழுதிக்கிட்டு, அந்த அரைப் புள்ளியக் குடுத்துடுங்க. நாளைக்கு வந்து ஆடிடுவான்."

இங்கே ஒரு சிறு விளக்கம். ஒரு சுற்று ஆட முடியாதவர் முன்கூட்டியே அனுமதி வாங்கினால், தோற்றவரைப் போலப் பூஜ்யமும் இல்லை, வென்றவரைப் போல ஒன்றும் இல்லை, டிரா செய்தவரைப் போல அரைப் புள்ளி கிடைக்கும். இதற்குச் சதுரங்கக்காரர்கள் "பை" என்பார்கள். முதன்முதலில் கேட்டபோது துணிப்பை தருவார்களாக்கும் என்று நினைத்தேன்.

நடுவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒட்டியிருந்த தாளில் பதினொன்றாம் விதி: "ஐந்தாம் சுற்றுக்குப் பின் எக்காரணம் கொண்டும் அரைப் புள்ளி விடுப்பு வழங்கப்படாது."

அக்கா அதை உதடசைத்துப் படித்தார். "எக்காரணம்னா? செத்தாலுமா?"

"அப்படி இல்லம்மா..."

"நல்லா இருக்கறவங்களுக்கு அஞ்சு சுத்து வரைக்கும் லீவு உண்டு. கல்யாணத்துக்குப் போகலாம், கச்சேரிக்குப் போகலாம். நெசமா ஒடம்பு முடியாதவனுக்கு எட்டாவது சுத்துல கிடையாது. ஒடம்பு என்ன, உங்க தாளப் படிச்சிட்டா கெட்டுப்போகுது?"

"போன வருஷம் எல்லாச் சுத்துலயும் குடுத்தோம்மா. காய்ச்சல்னு சொன்னவங்க பாதிப் பேரு பொய். அதனாலதான் இந்த விதியே வந்துச்சு."

"நெல்லுக்கு எறைக்கிற தண்ணி புல்லுக்கும் போகத்தான் செய்யும். அதுக்காக நெல்லக் காய விடுவீங்களா?"

பிற்பாடு நடுவர் என்னிடம் ஒன்று சொன்னார். அந்த நிமிடம் மனதுக்குள் கணக்குப் போட்டாராம். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் இருந்தது. ஜோடிகளை மாற்றிப் போட இருபது நிமிடம் போதும். "நடுவரின் முடிவே இறுதியானது" என்று அதே தாளின் கடைசி வரி சொல்கிறது. முடியாத காரியம் இல்லை. அவர் அந்த அக்காவின் முகத்தையே பார்த்தார். வேர்வை இருந்தது, கோபம் இருந்தது. பொய் இருக்கிறதா என்று தேடினார். இருப்பதுபோலத்தான் பட்டது.

"முடியாதும்மா. வரலன்னா பூஜ்யம்தான்."

3

இந்த இடத்தில் நான் எழுதுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டேன்.

முதல் பிரதியில் இங்கே இப்படி ஒரு பத்தி இருந்தது: "சென்ற வருடம் ஒரு ஆட்டக்காரன், காய்ச்சல் என்று தொண்டையைச் செருமிக் காட்டி அரைப் புள்ளி வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். அற்பன்." அவனுக்கு ஒரு மீசை கொடுத்திருந்தேன். கோணல் சிரிப்பும் கொடுத்திருந்தேன்.

எனக்கு மீசை கிடையாது. மற்றபடி அது நான்தான்.

அந்தச் சுற்றில் எனக்கு ஜோடியாக வந்தது என் மைத்துனர். அக்காள் புருஷன். அவரிடம் தோற்றால் அடுத்த பத்து வருடத்துக்கு எந்தச் சாப்பாட்டு மேசையிலும் தலைநிமிர முடியாது. காய்ச்சல் மேல் என்று தோன்றியது. நடுவர் மேசைக்குப் போய்த் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். "போய்ப் படுங்க சார், வெந்நீர் குடிங்க" என்றார். அந்தப் பரிவு இன்னும் காதில் இருக்கிறது. ஐஸ்கிரீம் வெனிலா.

ஆக, பதினொன்றாம் விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் பேனா நகரவில்லை. சொல்லிவிட்டேன். மேலே போகலாம்.

4

ஒன்பது மணிக்குக் கடிகாரங்கள் ஓடத் தொடங்கின. முதல் மேசையில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலி காலி. அரைமணி நேரம் வரை தாமதமாக வரலாம். அதற்கு மேல் போனால் ஆடாமலே டீச்சருக்கு வெற்றி.

ஒன்பது இருபத்தாறுக்குக் கதவு திறந்தது. அக்கா ஒரு கையால் தம்பியைத் தாங்கியிருந்தார், மறு கையில் அந்த வாளி. மெக்கானிக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். கூடத்தில் மின்விசிறிக்கே வேர்க்கும் வெக்கை. நாற்காலியில் உட்கார்ந்து, டீச்சரோடு கைகுலுக்கக் கையை நீட்டி, பிறகு தானே இழுத்துக்கொண்டார். "வேணாம் டீச்சர், ஒட்டிக்கும்."

டீச்சர் எழுந்து நேராக நடுவரிடம் வந்தார்.

"மேடம், எனக்கு வீட்ல எட்டு மாசக் கைக்குழந்த. இப்படி இருக்கறவர எதுக்கு உள்ள விட்டீங்க?"

"வரக்கூடாதுன்னு விதி இல்ல டீச்சர்."

"வராம இருக்கவும் விதி எடம் குடுக்கலையே."

நடுவர் முகக்கவசம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப்போட்டு, கையை எட்டி நீட்டி ஆடினார்.

பதினான்காவது நகர்த்தலில் மெக்கானிக் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தார். திரும்பி உட்கார்ந்ததும் டீச்சர் சொன்னார்: "டிரா பண்ணிக்கலாம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். அவருடைய அரைப் புள்ளி அவர் மேசைக்கே வந்துவிட்டது.

ஆனால் ஏழாம் விதி இருக்கிறது. முப்பது நகர்த்தலுக்கு முன் டிரா செய்வதென்றால் நடுவர் அனுமதிக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் வீட்டிலேயே பேசிவைத்துக்கொண்டு வந்து, பத்து நிமிடத்தில் கைகுலுக்கிவிட்டுப் போவதைத் தடுக்க வந்த விதி அது.

இருவரும் நடுவரைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களும் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவரால் படிக்க முடிந்தது. அவர்களும் பட்டத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர்கள். இந்த இருவரும் அடித்துக்கொண்டால்தான் அவர்களுக்கு வழி பிறக்கும்.

[இங்கே அவர் மனதில் ஓடியதை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் அழகாக இருந்தன. அவரிடம் படித்துக் காட்டியபோது, "அவ்வளவு யோசிக்கல சார்" என்றார். "காலையில இல்லன்னு சொன்னத பதினோரு மணிக்குக் குடுத்தா, காலையில நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு? அது ஒண்ணுதான் மண்டையில ஓடிச்சு."]

"முப்பது வரைக்கும் ஆடுங்க" என்றார்.

5

ஆடினார்கள். இன்னும் பதினாறு நகர்த்தல்கள். பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இருவருக்கும் புரிந்திருந்தது: யாரும் யாரையும் தொடாமல் முப்பதைத் தாண்டிவிட்டுக் கைகுலுக்குவது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. காய்கள் வேலை இல்லாதவர்கள் தெருவில் நடப்பதுபோல முன்னும் பின்னும் போய் வந்தன. மெக்கானிக்கின் தலை மெல்ல மெல்லக் கவிழ்ந்துகொண்டே வந்தது.

இருபத்தாறாவது நகர்த்தலில் அவர் யானையை நகர்த்த நினைத்து அதன் பக்கத்துச் சிப்பாயைத் தொட்டுவிட்டார். தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தினார். அவருடைய ராணி டீச்சரின் மந்திரிக்கு நேராக, வேலியே இல்லாத தோட்டம்போல நின்றது.

அவருக்குத் தெரிந்ததா? கண் மூடியிருந்தது.

டீச்சருக்குத் தெரிந்தது. நடுவருக்கும் தெரிந்தது. டீச்சர் இருபத்திரண்டு நிமிடம் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த இருபத்திரண்டு நிமிடத்தை நான் இரண்டு விதமாக முடித்துப் பார்த்தேன்.

(அ) டீச்சர் ராணியைப் பார்க்காததுபோல் வேறு காயை நகர்த்துகிறார். முப்பதில் கைகுலுக்கல். கூடம் எழுந்து நின்று— இல்லை, கூடம் எழுந்து நிற்காது. கூடத்தில் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். கருணை என்று நான் எழுதுவதை அவர்கள் கள்ள ஒப்பந்தம் என்பார்கள். அவர்கள் சொல்வதும் தப்பில்லை.

(ஆ) டீச்சர் ஒரு நொடியும் யோசிக்காமல் ராணியை எடுக்கிறார். இதுவும் பொய். யோசித்தார். இருபத்திரண்டு நிமிடம் என்பதை நடுவரின் கடிகாரம் சொல்கிறது.

நடந்தது இது. டீச்சர் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் குனிந்தார். டீச்சர் முகக்கவசத்தைச் சற்றே விலக்கி, காதோடு கேட்டார்:

"எடுக்கட்டுமா மேடம்?"

"அது என் வேல இல்ல டீச்சர்."

"இவ்வளவு நேரம் எல்லாம் உங்க வேலையாத்தான இருந்துச்சு?"

நடுவர் நிமிர்ந்து நின்றுகொண்டார். டீச்சர் இன்னும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மந்திரியை எடுத்து, ராணி இருந்த கட்டத்தில் வைத்தார். ராணியை மற்ற காய்களோடு போடாமல் தனியாக ஓரமாகப் படுக்க வைத்தார்.

மெக்கானிக் கண்ணைத் திறந்தார். பார்த்தார். சிரித்ததுபோல இருந்தது என்று நடுவர் சொல்கிறார். நான் அதை நம்பவில்லை. ஆனால் நான் இருந்தது நாற்பத்தொன்றாவது மேசையில், அவர்தான் பக்கத்தில் இருந்தார். தோல்வியை ஒப்புக்கொண்டு தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா அவர் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நடுவர் எடுத்துக் கொடுத்தார். வெயிலில் கிடந்ததைப்போல அந்தப் பேனா சுட்டது.

அக்கா வாசலில் நின்றிருந்தார். வாளியை எடுத்துக்கொண்டு, தம்பியைத் தாங்கி நடத்திக் கூட்டிப்போனார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

6

மறுநாள் மெக்கானிக் வரவில்லை. டீச்சர் கடைசி ஆட்டத்தை டிரா செய்து சாம்பியன் ஆனார். கோப்பையோடு எடுத்த படத்தில் அவர் கோப்பையைத் தாம்பாளம்போலத் தள்ளிப் பிடித்திருக்கிறார்.

அதற்கு அடுத்த நாள் டீச்சரின் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று நாளில் இறங்கிவிட்டது. (முதல் பிரதியில் இதைப் பெரிதாக்கியிருந்தேன். ஆஸ்பத்திரி, ஓட்டம், பிரார்த்தனை எல்லாம் இருந்தது. கதையை இழுத்துப் பிடிக்க ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது எவ்வளவு சுலபம்! வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.) நடுவர் நான்கு நாள் படுத்தார். முன்வரிசை மேசைகளில் ஐந்து பேர் படுத்தார்கள். தேநீர் வரிசையில் அவர்களோடு முண்டியடித்த நானும் படுத்தேன். நிஜக் காய்ச்சல். இந்தமுறை யாரிடமும் சொல்லி எதுவும் வாங்க முடியவில்லை.

ஒரு வாரமாகியும் அது விடாததால் ரத்தம் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டு நிமிர்ந்தால், ஊசியோடு நடுவர்.

கையில் கயிறு கட்டியிருந்தது, தப்பிக்க வழியில்லை. சொல்லிவிட்டேன். மைத்துனர், தோள் குறுக்கல், வெனிலா, எல்லாம்.

அவர் ஊசியைக் குத்தி, குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நிதானமாக ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினார்.

"மடக்கிப் பிடிங்க." பிறகு, "போன வருஷம் பை கேட்டவங்க பதினாலு பேர். பொய்னு நான் கண்டுபிடிச்சது ஏழு பேர். அதுல நீங்க கிடையாது."

"நான் இல்லையா?"

"உங்கள நம்பினேன் சார். மொகத்துல அப்படி ஒரு நோக்காடு இருந்துச்சு." குழாயில் என் பெயரை ஒட்டினார். "பொய் சொன்ன உங்கள நம்பினேன். நெசத்தச் சொன்ன அந்த அம்மாவ நம்பல. அப்போ பாருங்க, மொகம் பாத்துத் தீர்ப்பு சொல்ற வேல எனக்கு ஆகாது. ரத்தமா இருந்தா கண்ணாடிக்கு அடியில வச்சுப் பாத்துடுவேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வைக்கலாமா என்று யோசித்தேன். என் கதைதானே, என் பேனாதானே? ஆனால் அவர் சொன்னது, "அடுத்தவங்க உள்ள வரலாம்."

7

போன மாதம் நடுவர் மெக்கானிக்கைப் பார்க்கப் போனார். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் மெக்கானிக் லிஃப்ட்டை நிறுத்திவைத்துவிட்டு, கூண்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். திறந்திருந்த மூன்றாம் மாடிக் கதவருகே நின்று நடுவர் கேட்டார்:

"நீங்க என் எடத்துல இருந்தா அன்னிக்கு என்ன செஞ்சிருப்பீங்க?"

முதல் பிரதியில் மெக்கானிக் சொல்கிற பதில்: "லிஃப்ட்ல எடை கூடினா மணி அடிக்கும் மேடம். யாரு எறங்கணும்னு லிஃப்ட் சொல்லாது. உள்ள இருக்கறவங்கதான் முடிவு பண்ணணும்."

எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். நடுவர் படித்துவிட்டு, "இத அவர் சொல்லல" என்றார்.

"வேற என்ன சொன்னார்?"

"'வராம இருந்திருக்கணும் மேடம், தப்பு என் பேர்லதான்'னாரு. அப்புறம், 'டீச்சர் கொழந்தைக்கு இப்போ பரவாயில்லையா?'ன்னு கேட்டாரு. அப்புறம் தள்ளி நிக்கச் சொன்னாரு, கூண்ட மேல ஏத்தணும்னு."

ஆகவே அதுதான் அவருடைய பதில்.

8

நேற்று விதிக் குழுக் கூட்டம். சங்க அலுவலகத்தின் பின்னறையில் மூன்று நாற்காலிகள், ஒரு மேசை. குழுவில் மூன்று பேர், நடுவர் அதில் ஒருவர். பதினொன்றாம் விதியைப் புதிதாக எழுத வேண்டும். பிழை திருத்துகிறவன் என்பதால் வாசகத்தைச் சரிபார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார். பின்னறைக்கு வெளியே உட்கார்ந்து எழுதினேன்.

"நோயுற்றவருக்கு, மருத்துவச் சான்று இருந்தால்—" காலை எட்டேகால் மணிக்கு எந்த மருத்துவர் சான்று தருவார்? அடித்தேன்.

"நடுவருக்கு உண்மை என்று தோன்றினால்—" நடுவரே அடித்துவிட்டார். "தோணுறத நம்பாதீங்க சார், உங்க கையிலயே சாட்சி இருக்கு."

கடைசியில் இரண்டு வாசகங்கள் மிஞ்சின.

ஒன்று: எவருக்கும் ஒருமுறை, எந்தச் சுற்றிலும், காரணம் கேட்காமல் அரைப் புள்ளி. பொய்யனுக்கும் உண்டு. கடைசிச் சுற்றில் பயந்து ஒளிகிறவனுக்கும் உண்டு. எதிரே உட்கார வேண்டியவர் உழைத்து வாங்க இருந்த புள்ளி பறிபோகும்.

இரண்டு: பழைய விதியே. எவருக்கும் இல்லை. ஆடாதவருக்குப் பூஜ்யம். சுத்தமான விதி. காய்ச்சலோடு வருகிறவர் வரத்தான் செய்வார்.

உள்ளே ஒருவர் முதலாவதற்குக் கை தூக்குவார், ஒருவர் இரண்டாவதற்கு. அது முன்பே தெரிந்த விஷயம். மிச்சம் இருந்தது நடுவரின் கை. தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவரிடம் "என்னாச்சு?" என்றேன்.

"'வழங்கப்படும்'ல ஒற்று ஒண்ணு விட்டுப்போச்சு, பாருங்க" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று படியிறங்கினார். அவர் கொடுத்த தாளில் இரண்டு வாசகங்களும் இருந்தன. இரண்டிலும் அந்தச் சொல் இருந்தது, ஒன்றில் "வழங்கப்படும்" என்று, மற்றதில் "வழங்கப்படமாட்டாது" என்று. ஒன்று பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

எது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால் அதைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அந்த மூன்றாவது நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இரண்டில் ஒன்றை அடியுங்கள்.

அடிக்கும் முன் ஒரு செய்தி. அன்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் உடம்பு நன்றாக இருந்தது.

(இந்தக் கடைசி வரி ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று தெரிகிறது. பொய் சொல்லி வாங்கியவன் எழுதியது, வேறெப்படி இருக்கும்? வேண்டாமென்றால் அதையும் சேர்த்து அடித்துவிடுங்கள்.)